உப்புத்தாள் எழுத்துகள்

மழலையர் வகுப்புகள் நம் பங்குகள்தோறும் பெருகியுள்ளன. அவற்றுள் சிலவற்றின் வாயிலில் மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சென்றால் இருவகைக் காட்சிகளை நாம் காண்கிறோம். ஓரிடத்தில் விலையுயர்ந்த மரக்கருவிகள் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டு, விருந்தினர் வரும் நாளில் மட்டும் வெளியே வருகின்றன. மற்றோரிடத்தில், “அவற்றை வாங்க நம்மிடம் பணம் ஏது?” என்ற ஆசிரியையின் பெருமூச்சுக்கிடையே பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக் கூட்டாக ஒப்பிக்கின்றனர். கருவியின் மதிப்பு அதன் விலையில் இருக்கிறது என்ற ஒரே எண்ணத்தின் இரு கிளைகளே இவை. இக்கருவிகள் பிறந்த வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்த வல்லது.

அவ்வரலாறு கைவிடப்பட்ட பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறது. 1800-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் அவேரோன் பகுதியில், காட்டில் தனித்து வாழ்ந்த, பேச்சறியாத சிறுவன் ஒருவன் மனிதர் கையில் அகப்பட்டான். பாரிசு நகரில் காது கேளாதோர் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர் ழான் ஈட்டார் அவனைச் சில ஆண்டுகள் பயிற்றினார். தொட்டும் பார்த்தும் ஒப்பிட்டும் அறியத்தக்க பொருள்கள் வழியே அவன் புலன்களை விழிப்புறச் செய்ய முயன்றார். அவர் வழிவந்த எடுவார் செகேன், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென வடிவங்களைப் பொருத்தும் பலகைகளையும், பித்தான் மாட்டவும் நாடா கட்டவும் பழகும் சட்டங்களையும் பயன்படுத்தினார். ‘இவர்களுக்குக் கற்பிக்க இயலாது’ என்று உலகம் ஒதுக்கி வைத்த பிள்ளைகளின் விரல்களுக்காகவே இவை முதலில் செய்யப்பட்டன.

1896-இல் மருத்துவப் பட்டம் பெற்ற மாண்டிசோரி அம்மையார், 1900-இல் ரோம் நகரில் அத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளியில் பொறுப்பேற்றார். பின்னர் அவர் ஈட்டார், செகேன் ஆகியோரின் நூல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்து, முதலிலிருந்து முடிவுவரை தம் கைப்பட எழுதினார். அச்சுக்கலை பரவுமுன் பெனடிக்ட் சபைத் துறவியர் ஏடுகளைப் படியெடுத்ததற்கு அவரே அதனை ஒப்பிடுகிறார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நிறுத்துப் பார்க்க நேரம் கிடைக்கட்டும் என்பதே அவருடைய நோக்கம். கையால் செய்யும் வேலை மனத்துக்கு அவகாசம் தருகிறது என்பதை அவர் முதலில் தம்மிடமே கண்டுணர்ந்தார் எனலாம்.

1907 சனவரி 6, திருக்காட்சித் திருநாள். ரோமின் சான் லொரென்சோ பகுதியில், உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கிய ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தனர். சில மாதங்கள் கழிந்தன. எழுத்தறியாத தாய்மார் சிலர், தங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருமாறு அம்மையாரிடம் மன்றாடினர்.

முன்னைய பள்ளியில் அவரிடம் அழகிய மர எழுத்துத் தொகுதி ஒன்று இருந்தது. வண்ணம் தீட்டிய, வழவழப்பான எழுத்துகள் அவை. அதுபோன்ற ஒன்றைச் செய்விக்க அவர் அலைந்தார். செய்து தருவார் எவரும் கிடைக்கவில்லை. இரண்டு மாதங்கள் வீணாயின. இறுதியில் காகிதத்தில் பெரிய எழுத்துகளை வெட்டினார். ஆசிரியைகளுள் ஒருவர் அவற்றுக்கு ஒரு பக்கம் நீலம் பூசினார். தொட்டறிவதற்காக, நம் தச்சர்கள் உப்புத்தாள் என்று அழைக்கும் சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார்.

வேலை முடிந்த பிறகே உண்மை புலப்பட்டது. மர எழுத்துகள் ஒரே ஒரு தொகுதி. ஓர் எழுத்து இருமுறை வரும் சொல்லை அவற்றால் அமைக்க இயலாது. காகித எழுத்துகளையோ எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம். அறைகள் பகுத்த அட்டைப் பெட்டியில் இட்டு வைத்தால், பிள்ளை தானே எடுத்துச் சொற்களைக் கோத்துப் பார்க்கும். தாம் செல்வராக இருந்திருந்தால் அந்த அழகிய, பயனற்ற பழைய எழுத்துகளே தமக்குக் கிடைத்திருக்கும் என்று அம்மையார் பின்னாளில் எழுதினார். வறுமை அவருக்குச் சிறந்ததொரு கருவியை ஈந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் வெயில் காய்ந்த ஒரு நாள், மொட்டைமாடியில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த அம்மையார், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், “எனக்கு எழுத வருகிறது!” என்று கூவி, தரையிலே ஒரு சொல்லை எழுதினான். ‘கை’ என்பதே அச்சொல். தொடர்ந்து ‘புகைபோக்கி’, ‘கூரை’ என்றும் எழுதினான். அதுவரை அவனுக்கு எழுத்துப் பாடம் என்று தனியே நடந்ததில்லை. விரல்கள் சொரசொரப்பான எழுத்தின் தடத்தை நாளும் வருடி வந்தன, அவ்வளவே.

எனினும், எளிய பொருளால் செய்யலாம் என்பதை ஏனோதானோவென்று செய்யலாம் எனக் கொள்ளலாகாது. அம்மையாரின் இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள் உண்டு. சிறியதன் பக்கம் 1 சென்டிமீட்டர். பெரியதன் பக்கம் 10 சென்டிமீட்டர். தச்சர் ஒரு நூல் பிசகினால் கோபுரத்தின் ஒழுங்கு குலையும். பிள்ளையின் கண் எந்தப் படிநிலை வேறுபாட்டைப் பழக வேண்டுமோ அது அங்கே இராது. உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டையும் அவ்வாறே. பிள்ளை ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். அது யாரும் கடிந்துகொள்ளாமலே தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். குழிகள் தாறுமாறாக இருந்தாலோ கருவி பொய் சொல்லும். பழி பிள்ளையின்மேல் விழும். அட்டையில் ஒட்டிய எழுத்தின் ஓரம் பிய்ந்து நின்றாலும் விரல் தடம் மாறும். ஆகவே, கருவி செய்வோரின் கவனம் பிள்ளைக்கு நாம் செலுத்தும் மரியாதை ஆகிறது.

இம்முறை நம் நாட்டுக்கு வந்தபோதும் ஏழைப் பிள்ளை என்ற கேள்வி உடன் வந்தது. 1920-இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, மாண்டிசோரி முறையை உள்ளூர் வாழ்வுக்கும் மொழிக்கும் இசைய அமைத்துக்கொண்டார். 1931-இல் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்த காந்தியடிகள், செல்வர் பிள்ளைகளோடு வறியோரின் பிள்ளைகளுக்கும் இக்கல்வி கிட்ட வேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டார். 1939 நவம்பரில் அம்மையாரே சென்னை அடையாற்றுக்கு வந்து, ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் அயல்பகைவராகக் கருதப்பட்டார். மகன் மாரியோ அகமதுநகரில் அடைக்கப்பட்டு, அன்னையின் எழுபதாம் பிறந்தநாளான ஆகஸ்டு 31 அன்று விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அந்த மலையின் இலையும் பூவும் நீர்வாழ் உயிர்களும் அங்கே பிள்ளைகளின் பாடப்பொருள்கள் ஆயின.

நம் முன்னோர்க்கும் இது முற்றிலும் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதியே அகரம் பயின்றனர். வளைவும் சுழியும் மிகுந்த நம் எழுத்தைக் கண் கற்குமுன் விரல் கற்றுக்கொள்வது எளிது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மணலில் தடம் அழிந்துவிடும். உப்புத்தாளில் அது நிலைத்திருக்கும். பிள்ளை ஆசிரியரை எதிர்பாராமல், வேண்டும்போதெல்லாம் மீண்டும் வருடலாம்.

மறைக்கல்வியிலும் இவ்வழி தொடர்ந்தது. 1954-இல் ரோமில் சோஃபியா கவலெத்தி, ஜன்னா கொப்பி என்னும் இரு பெண்மணிகள் மாண்டிசோரி நெறியில் சிறுவர்க்கான மறைக்கல்வியைத் தொடங்கினர். நல்லாயனும் ஆடுகளும், சிறிய பீடமும் அதன் திருப்பொருள்களும் அங்கே பிள்ளைகளின் கையில் தரப்படுகின்றன. அவற்றைக் கூடியவரை மறைக்கல்வி ஆசிரியர்களே தம் கையால் செய்ய வேண்டும் என்பது அந்நெறியின் வழக்கம். உவமையின் ஆட்டுக்குட்டியைச் செதுக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டவர், அவ்வுவமையை அவசரமாகச் சொல்லிக் கடக்க மாட்டார்.

வரும் கோடை விடுமுறையில் நம் பங்குகளில் இதனைத் தொடங்கலாம். பங்கின் தச்சர் ஒருவர், தையல் அறிந்த தாய்மார் சிலர், ஆசிரியைகள், கொஞ்சம் அட்டை, உப்புத்தாள், பசை, ஓர் அளவுகோல் ஆகியன போதும். பன்னிரண்டு உயிரெழுத்துகளோடு தொடங்குவோம். ஒவ்வோர் எழுத்தையும் ஒட்டியபின் நாமே கண்ணை மூடி விரலால் வருடிப் பார்ப்போம். தடம் இடறினால் பிரித்து மீண்டும் ஒட்டுவோம். முடிந்தவற்றை அலமாரியில் பூட்டாது, பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்வான பலகையில் அடுக்கி வைப்போம். அழுக்குப் படிந்து தேய்ந்து போனால், அடுத்த விடுமுறையில் மகிழ்ச்சியோடு புதியன செய்து கொள்ளலாம்.