ஹெட் கேஸ்கெட்

கார் இன்ஜினில் சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் பூட்டப்படும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கப்படும் மெல்லிய தகடு. சிலிண்டரில் எரியும் வாயு, ஆயில், கூலன்ட் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் தடுக்கிறது. முன்பு செம்பும் கல்நாரும் சேர்த்துச் செய்தார்கள். இன்று பெரும்பாலும் பல அடுக்கு எஃகு.

இது தானாகக் கெடுவது குறைவு. இன்ஜின் அளவுமீறிச் சூடாவதே வழக்கமான காரணம். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், இரும்பு பிளாக்கின்மேல் உள்ள அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். கேஸ்கெட்டின் பிடி தளரும். கூலன்ட் காரணமின்றிக் குறைவது, சைலன்சரில் ஓயாத வெண்புகை, ரேடியேட்டரில் குமிழி, பால்விட்ட காப்பி நிறத்தில் ஆயில் ஆகியவை அறிகுறிகள். குளிர்காலையில் சற்றுநேரம் வரும் வெண்புகை வெறும் நீராவிதான். அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

மாற்றும்போது ஹெட்டின் சமதளத்தைச் சோதித்து, போல்ட்டுகளைப் பெரும்பாலும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, தயாரிப்பாளர் சொன்ன வரிசையிலும் அளவிலும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். நீண்டுகொடுக்கும் வகை போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பராமரிப்பு என்பது இங்கே கூலன்ட் பராமரிப்புதான்: வெறுந்தண்ணீர் ஊற்றாமல், உரிய காலத்தில் கூலன்ட்டை மாற்றுவது. வெப்பமுள் ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.