சூல் முதிர்ந்த மகளிரும் சுமைதாங்கிக் கல்லும்

அரசர் செய்த போர்களையும் அவர் எழுப்பிய கோட்டைகளையும் எழுதுவதே வரலாறு என்று கருதுவார் பலர். ஒரு நாட்டு மக்கள் தம் இல்லத்துள் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதனை வேண்டினர் என்பனவும் வரலாறேயாம். அவ்வகையில், மகளிர் கருவுற்ற ஏழாந் திங்கள் தொடங்கிப் பேறு நிகழுங்காறும் நம் குடும்பங்களில் நடந்துவந்த வழக்கங்களை, நூல்களாலும் கேள்வியாலும் யாம் அறிந்த அளவில் ஈண்டுத் தொகுத்து எழுதப் புகுகின்றோம். இது பெண்டிர் பேச்சு, ஆடவர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வாறு எண்ணி ஆடவர் ஒதுங்கி நின்ற காலத்தில் எண்ணிறந்த தாய்மார் மாண்டனர் என்பதைக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பண்டை நூல்களைக் காண்போம். கருவுற்றார்க்குத் தோன்றும் விருப்பத்தை ‘வயா’ என்னும் சொல்லால் நம் முன்னோர் வழங்கினர். தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லுக்குப் பொருள் கூறியுள்ளார். குறுந்தொகை 287-ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீரைச் சுமந்து மேலெழ மாட்டாமல் மலையை நோக்கி மெல்ல நகரும் கார்மேகத்திற்கு, மாதம் நிறைந்து நடக்கவும் இயலாது தளர்ந்து பசும்புளியை விரும்பும் சூல்மகளிரை உவமை கூறினார். புளிவேட்கையும், நடைத்தளர்ச்சியும், நிறைமாதத்துச் சுமையும் ஓருவமைக்குள் அடங்கியுள்ளமை காண்க. இவற்றை அருகிருந்து கண்டாரன்றிப் பிறர் பாடுதல் அரிது.

புறநானூற்று 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணை வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் கொள்ளுதல் இல்லை என்று புகழ்கின்றார். மண்ணுண்ணும் வேட்கை குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தாரிடம் பெரும்பாலும் காணப்படும் என்று இக்கால மருத்துவர் கூறுவர். எனவே, வேந்தன் புகழுக்காகப் பாடிய பாட்டு, அக்கால மகளிர் உடற்குறையையும் நமக்கு உணர்த்துவதாகலாம். அன்று வேட்கை எனக் கொண்டது இன்று நோயின் குறியென அறியப்படுகின்றது.

குறுந்தொகை 85-ஆம் பாட்டு வேறொரு காட்சியைத் தருகின்றது. சூல் முதிர்ந்த பேடைக்கு ஈனில்லம் அமைத்தற்பொருட்டு ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் வெண்பூவைக் கோதுகின்றதாம். பாடியவர் வடம வண்ணக்கன் தாமோதரனார். துணையின் பேற்றுக் காலத்திற்கு முன்னரே இடமும் மெத்தையும் தேடுதல் ஆண்பறவைக்கும் கடமையாயிற்று. பெண்டிர் பேச்சு என்று ஒதுங்கும் ஆடவர் இக்குருவியை ஒருகால் நினைத்துப் பார்ப்பாராக.

மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில் கருவிலிருக்கும் உயிர் திங்கள்தோறும் தப்பிவரும் இடர்களை வரிசைப்படுத்திக் கூறுங்கால், பத்தாந் திங்களில் தாயும் சேயும் ஒருங்கே படும் துன்பத்தைக் கடலாக உருவகித்தார். பேற்றின் துன்பத்தைத் தாய்க்கு மட்டும் உரியதாகவோ சேய்க்கு மட்டும் உரியதாகவோ அவர் பிரிக்கவில்லை.

இனி, நிறைமாதத்து மகளுக்குத் தாயின் துணை எத்துணை இன்றியமையாததென நம்மவர் எண்ணினர் என்பதற்குத் திருச்சிராப்பள்ளித் தலவரலாறே போதிய சான்று. எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணத்தில், இரத்தினாவதி என்னும் வணிகர் குலப்பெண் பேறுகாலத்தில் தன் தாயின் வரவை எதிர்பார்த்திருந்ததும், காவிரிப் பெருக்கால் தாய் அக்கரையில் தடைப்பட்டதும், சிவபெருமானே தாய்வடிவில் வந்து உதவியதும் கூறப்படுகின்றன. அதனால் இறைவன் தாயுமானவர் எனப் பெயர் பெற்றார். பக்திக் கதையாயினும் இதனுள் மெய்யான அச்சமொன்று உண்டு. ஆறு பெருகினால் வழியில்லை. வழியில்லையேல் துணையில்லை. துணையில்லையேல் உயிர்க்கு உறுதியில்லை. நம் முன்னோர் மகளை ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ முன்னதாகவே தாய்வீட்டிற்கு அழைத்துக்கொண்டமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணமாதல் கூடும்.

அவ்வாறு அழைக்குமுன் நடப்பதே வளைகாப்பு. வடமொழிக் கிருகிய சூத்திரங்களில் விதிக்கப்பட்ட சீமந்தம் வேறு, நம் நாட்டு வளைகாப்பு வேறு. சீமந்தமாவது முள்ளம்பன்றியின் முள் முதலியவற்றால் கணவன் மனைவியின் வகிட்டைப் பிரிக்கும் சடங்கு. அப்போது வீணை இசைப்போரைப் பாடச்செய்தலும் உண்டு. வளைகாப்போ மகளிர் கூடி நடத்துவது. சில குடும்பங்களில் வேப்பங்கொழுந்தால் செய்த காப்பை முதலில் இட்டு, அதன்மேல் கண்ணாடி வளையல்களை அடுக்குவர். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனப் பலவகைச் சோறாக்கிப் படைப்பர். கொங்கு நாட்டார் கட்டுச்சோறு என்று இதனையொத்த விருந்தொன்று செய்வர். வயாவுற்றாள் வாய் விரும்புவதைக் கேட்டுப் பெறுதற்கு நாணுவாளாதலின், ஊரார் முன்னிலையில் அனைத்தையும் அவள் முன் வைத்தது நல்ல ஏற்பாடேயாம்.

ஆயினும் இச்சடங்கில் இரண்டு குற்றங்கள் புகுந்தன. ஒன்று, பெண்வீட்டார் கடன்பட்டுச் சீர்வரிசை செய்தல். மற்றொன்று, கைம்பெண்டிரையும் மகப்பேறில்லா மகளிரையும் வளையல் இடவொட்டாது விலக்குதல். அவளைத் தூக்கி வளர்த்த அத்தையோ, உடன்பிறந்த அக்காளோ அடுப்பங்கரையில் நின்று கண்கலங்க, அயலார் முன்வந்து வளையல் இடுவது எவ்வாறு மங்கலமாகும்? இதனை நம் இல்லத்துப் பெரியோர் சிந்திப்பாராக.

தாய்வீட்டில் கழியும் அம்மூன்று திங்களின் அன்றாட நிலையை நூல்கள் விரித்துக் கூறவில்லை. நம் பாட்டிமார் கூறக் கேட்டனவே சான்று. முதுகு நோவும், நெஞ்செரிவும், மாலையில் கால் வீக்கமும், இரவில் பன்முறை எழுதலும், புரண்டு படுக்க மாட்டாமையும் அப்பருவத்திற்கு இயல்பாம். இடையிடையே வந்து தானே அடங்கும் நோவைச் ‘சூட்டு வலி’ என்பர். சீரகக் கஷாயம் கொடுத்து, நின்றால் சூட்டு வலி, நில்லாது தொடர்ந்து மிகுந்தால் மெய்வலி என்று தேர்வர். மல்லாந்து படுக்கலாகாது, ஒருக்களித்தே படுக்கவேண்டும் என்று கிழவியர் வற்புறுத்தினர். கருப்பை பெருஞ்சிரையை அழுத்துதலால் மல்லாந்து படுத்தல் ஆகாதென்று இன்று மருத்துவ நூலாரும் கூறுகின்றனர். ஆனால், பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் எனக் கருதிச் சில இல்லங்களில் அவள் உணவைக் குறைத்தனர். இது பெருந்தீங்கு. முன்னோர் வழக்கம் என்பதனாலேயே எல்லாம் நன்றாகா. ஆராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளல் வேண்டும்.

பேற்றுக்குத் துணைநின்றவர் மருத்துவச்சியர். இவர்கள் பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்தைச் சார்ந்த மகளிர். வயிற்றைத் தடவிப் பார்த்தே தலை திரும்பியதா இல்லையா என்று சொல்லும் கைத்திறம் இவர்க்குத் தாய்வழியாக வந்தது. நம்மில் எத்துணையோ பேரை இவ்வுலகில் முதலில் கையேந்தியவர் இவரே. அங்ஙனமாகவும் இவரைக் கொல்லைப்புற வழியாக அழைத்து, அளந்த நெல்லும் பழஞ்சேலையும் கொடுத்து, முன்வாயில் மிதியாமல் அனுப்பினோம். அவர் கைத்தொழிலுக்குத் துணையாக நூலறிவைக் கொடுத்தோமில்லை. மிகுந்த குருதிப்போக்கு, பேறுகால வலிப்பு, கைத்தூய்மையின்மையால் வந்த சுரம் ஆகிய மூன்றும் தாய்மாரைக் கொண்டுசென்றபோது, பழியை அவர்மேலும் பேயின்மேலும் ஏற்றினோம்.

மாண்டவர்க்கு நாம் எழுப்பிய நினைவுச் சின்னமே சுமைதாங்கிக் கல். இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைப் பாவாகக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையுடன் நடப்போர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரம் உடையது. கருவுடன் இறந்த பெண் தன் சுமையை இறக்காமலே சென்றாள் என்றும், வழிப்போக்கர் தம் சுமையை அக்கல்லில் இறக்குந்தோறும் அவளது சுமையும் இறங்கும் என்றும் மக்கள் நம்பினர். சில கற்களில் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. எம் மாணாக்கரை வெளியிடங்கட்கு அழைத்துச் செல்லுங்கால் இக்கற்களைக் காட்டுவது எம் வழக்கம். ‘ஐயா, இது எதற்கு?’ என்று அவர்கள் கேட்பர். பொருளுரைத்தபின் சற்றுநேரம் ஒருவரும் பேசுவதில்லை. வேந்தர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு, வீரர்க்கு நடுகல் உண்டு. பிள்ளை பெறும் போரில் மடிந்தார்க்கு இக்கல் ஒன்றே உண்டு.

இந்நிலை மாறத் தொடங்கியது சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில். சென்னை எழும்பூரில் 1844-ஆம் ஆண்டு மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. எனினும் ஆடவ மருத்துவரிடம் செல்லவும், பிற குலத்தாருடன் ஒரே கூடத்தில் படுக்கவும் நம் மகளிரைக் குடும்பத்தார் விடவில்லை. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885-இல் மகளிர்க்கெனத் தனி மருத்துவமனை ஏற்பட்டது. சாதி மகளிர்க்கும் கோஷா மகளிர்க்கும் உரியது என்று அதன் பெயரிலேயே குறிக்க வேண்டியிருந்தது. அதுவே திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரால் இன்று விளங்குவது. மருத்துவமனைப் பெயரிலும் சாதியைச் சேர்த்தாலன்றி உயிர்காக்க வாரோம் என்றிருந்த காலம் அது. சாதிச் சங்கத்து ஏட்டில் இதனை எழுதுதல் நமக்கு வருத்தமே. எனினும் வரலாற்றை மறைத்தல் தகாது.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் தத்தம் மனைவியர் பேற்றுக்கு உதவி வேண்டி வந்து, ஆடவ மருத்துவர் வருதலை மறுத்துத் திரும்பினர். மூவரும் இறந்தனர். அதனை உடனிருந்து கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர், மருத்துவம் கற்று மீண்டு, 1902-இல் வேலூரில் மருத்துவமனையையும் 1918-இல் மகளிர்க்கு மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றுப் பின்னர்ச் சட்டமன்றத்திலும் அமர்ந்து, மகளிர் நலத்திற்காகவும் இளமை மணத்திற்கு எதிராகவும் வாதாடினார். பெண்ணின் மணவயதைப் 14 என வரையறுத்த சட்டம் 1929-இல் வந்தது. 1978-இல் அது 18 ஆயிற்று. உடல் முதிராச் சிறுமியர் சூல் முதிர்ந்த கொடுமை இதனால் குறைந்தது.

உழைக்கும் மகளிர்க்குச் சென்னை மாகாணத்தில் 1934-ஆம் ஆண்டு மகப்பேற்று உதவிச் சட்டம் செய்யப்பட்டது. நாடு முழுமைக்குமான 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார ஊதிய விடுப்பு அளித்தது. 2017-இல் அது 26 வாரமாக உயர்ந்தது. அவற்றுள் 8 வாரத்தைப் பேற்றுக்கு முன் எடுக்கலாம் என்றாயிற்று. இரு பிள்ளைகட்குமேல் இவ்வுயர்வு இல்லை. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் மகப்பேற்று உதவி இடம்பெற்றது. முத்துலட்சுமி அம்மையார் பெயரால் 1987-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய உதவித்தொகை படிப்படியாக உயர்ந்து 2018-இல் 18,000 ரூபாயாயிற்று. அங்கன்வாடிகளின் வாயிலாகச் சமுதாய வளைகாப்பையும் அரசு நடத்திவருகின்றது. அங்கே குலவேறுபாடின்றி எல்லா மகளிர்க்கும் ஒரே பந்தலில் வளையல் இடுகின்றனர்.

இவற்றின் பயன் யாது? 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி ஓர் இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு இந்தியாவில் 97 தாய்மாரும் தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் இறந்தனர். முன்னாளை நோக்க இது பெருஞ்சிறப்பு. எனினும் 54 என்பது வெற்றெண் அன்று, 54 குடும்பங்களின் இழவு. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 100 பேற்றுக்கு 45 அளவில் அறுவையால் நிகழ்ந்தன. உயிர்காக்கும் அறுவையைக் குறைகூறோம். ஆனால் சோதிடர் குறித்த நாளுக்காக 39 வாரம் நிறையுமுன் அறுவை வேண்டுவோர் நம்மிலும் உளர். அவ்வாறு பிறக்கும் பிள்ளைக்கு மூச்சுத் துன்பம் மிகும் என்பதை அவர் அறிதல் வேண்டும். பிள்ளை வரும் வேளையே நல்வேளை.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பத்தார்க்குச் சில கூறி முடிப்போம். வளைகாப்புச் செலவைச் சுருக்கி, மிச்சத்தை அவள் உணவிற்கும் மருத்துவத்திற்கும் செலவிடுக. தாய்வீட்டிற்கு அனுப்புங்கால் வளையலோடு மருத்துவக் குறிப்பேட்டையும் தவறாது கொடுத்தனுப்புக. கடுந்தலைவலி, கண்மங்கல், முகவீக்கம், குருதிப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நல்லநேரம் பாராது உடனே மருத்துவமனை சேர்க்க. கணவர் மாமனார் வீட்டிற்கு விருந்தினராய்ச் சென்று மீளாமல், மருத்துவர் கூறுவதை உடனிருந்து கேட்க. விலக்கப்பட்ட மகளிரை அழைத்து முதல் வளையலை இடச்செய்க.

நம் பாதைகளில் நிற்கும் சுமைதாங்கிகளைப் பெயர்க்காது பேணுவோம். புதிதாக ஒன்று நிறுவவேண்டிய நிலை நம் குடும்பம் எதற்கும் நேராதிருப்பதாக. தாயுமான இறைவன் அருள்க.