பழைய ஒலிபெருக்கியும் மலைநாட்டு ஈரமும்

கண்டி மாநகருக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் மடுல்கெல்ல அமைந்திருக்கிறது. அம்மலைநாட்டில் கோப்பி செழித்த காலம் போய்த் தேயிலையின் காலம் வந்தது. ஆயினும் காற்றிலுள்ள ஈரம் மட்டும் மாறவில்லை. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்தபின் வடகீழ்ப் பருவக்காற்று மழை கொணர்கிறது. பறித்த கொழுந்தின் ஈரத்தைப் போக்குவதற்கென்றே தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் மாடிகள் கட்டப்பட்டன. இத்தகைய ஊரில் வாழும் ஒருவர், பிறர் பயன்படுத்திய உயர்தர ஒலிபெருக்கி ஒன்றை வாங்க எண்ணினால் எந்தத் தலைமுறையைத் தெரிந்தெடுப்பது? பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் செலவிடச் செய்யும் இவ்வினாவுக்கு விடை, ஒலிபெருக்கியின் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது.

முதல் தலைமுறை குழாய் வடிவானது. அமெரிக்காவில் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் 1915-ஆம் ஆண்டில் தாம் அமைத்த கருவியைக் கொண்டு பெருங்கூட்டத்தினர் கேட்கும்படி குரலை ஒலிக்கச் செய்தனர். சிறிதளவு மின்சக்தியிலேயே பேரொலி தந்தமை குழாயின் சிறப்பு. குரலை மூக்கால் பேசுவது போல் ஆக்கியமை அதன் குறை. கோயில் திருவிழாவிலும் பொதுக்கூட்டத்திலும் அது நிலைத்துவிட்டது. இசையை நுணுகிக் கேட்கும் வீட்டுக் கூடத்தில் அந்தப் பழங்குழாய் நிலைக்கவில்லை.

1925-ஆம் ஆண்டு இரு வகையில் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள், எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ரைஸ், கெலாக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச் சுருளோடு காகிதக் கூம்பை இணைத்த ஒலிபெருக்கியின் விவரத்தை வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. வலிய நிலைக்காந்தம் கிடைக்காத அந்நாளில், காந்தத்துக்கும் தனியே மின்சாரம் ஊட்ட வேண்டியிருந்தது. ஆகவே அக்காலக் கருவியை வாங்குபவர் ஒலிபெருக்கியோடு அதற்குரிய மின்வழங்கியையும் தேட நேரிடும்.

இரண்டாம் உலகப் போர் மலைநாட்டையும் வானொலியையும் நெருங்கச் செய்தது. 1944-இல் மௌண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அப்படையினருக்காகக் கொழும்பில் நடத்தப்பட்ட வானொலி நிலையம் 1949-இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, ரேடியோ சிலோனாயிற்று. மேலைநாட்டிலோ அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை கலந்த காந்தம் ஒலிபெருக்கிக்கு வலுவூட்டியது. கிளிப்ஷின் மூலைப் பெட்டி 1946-இலும், டானாயின் இரட்டை மைய ஒலிபெருக்கி 1947-இலும் தோன்றின. இவை நெடுங்காலம் உழைக்கக்கூடியவை; ஆனால் பெரும் பெட்டியும் அகன்ற அறையும் வேண்டுபவை. தோட்ட லயத்தின் சிற்றறைக்கு அவை பொருந்தா.

அக்குறையைத் தீர்த்தவர் எட்கர் வில்ச்சர். 1954-இல் வெளிவந்த அவரது ஏ.ஆர். பெட்டியில், அடைபட்ட காற்றே சுருள்வில்லாகப் பணிபுரிந்தது. சிறிய பெட்டி ஆழ்ந்த ஒலியை எழுப்பிற்று. அதற்கு விலையாக அம்பிளிபயரின் சக்தி கூடுதலாக வேண்டப்பட்டது. 1957-இல் பீட்டர் வாக்கர் என்னும் ஆங்கிலேயர், கூம்பையே நீக்கி, மின்னழுத்தத்தால் அதிரும் மெல்லிய ஏட்டைக் கொண்டு குவாட் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தார். மனிதக் குரலை அது காட்டும் தெளிவு இன்றும் போற்றப்படுகிறது. எனினும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் அந்த ஏட்டுக்குத் தூசும் ஈரமும் பகை. மூடுபனி சன்னல் வழியே நுழையும் வீட்டில் அதை வைப்பது, உப்பை மழையில் காயவைப்பது போன்றது.

புதியதே உறுதியானது என்று எண்ணுவோர் ஏமாறும் இடம் அடுத்து வருகிறது. கூம்பின் வெளிவிளிம்பில் முன்னர்ப் பதப்படுத்திய துணியை ஒட்டிய ஏ.ஆர். நிறுவனம், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பஞ்சு போன்ற நுரை விளிம்புக்கு மாறிற்று. வேறு பல நிறுவனங்களும் நுரையையே விரும்பின. அது மெத்தென்று அசைந்தது, நல்லொலி தந்தது, ஆனால் ஈரக்காற்றில் சிதைந்து, விரல் பட்டதும் பொடியாய் உதிர்ந்தது. இதனால் 1950-களின் துணி விளிம்பு இன்றும் நிற்க, இருபது ஆண்டு இளையதான நுரை விளிம்பு மறைந்துபோன விந்தையைக் காண்கிறோம். கைத்திறனுள்ளவர் புது விளிம்பை ஒட்டலாம். அச்செலவை விலையிற் கழித்தே பேரம் பேசுதல் வேண்டும்.

வானொலியின் தேவைக்கென்றே பிறந்த ஒலிபெருக்கியும் அக்காலத்தது. வெளி ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்தில் குரலைச் சரிபார்ப்பதற்காக, 1970-களின் தொடக்கத்தில் பி.பி.சி. பொறியியலாளர் எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டியை வகுத்தனர். நிறுவனங்கள் சில உரிமம் பெற்று அதைச் செய்தன. அதன் பிளாஸ்டிக் கூம்பும் இரப்பர் விளிம்பும் ஈரத்தை நன்கு தாங்குவன. ஆயினும் பேரொலியை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. அன்றியும் 15 ஓம் கொண்ட முதல் வகையும், 1980-களின் பிற்பகுதியில் வந்த 11 ஓம் வகையும் வேறுவேறு. ஒன்றை மற்றதோடு சேர்த்து இணையாக்குதல் தவறு.

இனித் தெரிந்தெடுக்கும் முறை எளிதாகிறது. பெயரைப் பார்க்குமுன் விளிம்பைப் பார்க்க வேண்டும். கூம்பை இரு பக்கமும் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்டால், சுருள் இடம் பெயர்ந்துள்ளது என்பது பொருள். காகிதக் கூம்பில் பூஞ்சணம் படிந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். உள்ளிருக்கும் பழைய மின்தேக்கிகள் உலர்ந்திருக்கக்கூடும். அவற்றை மாற்றுவது பெரிய செலவன்று. இறுதியாக, நன்கு பழகிய ஒருவரது குரற்பதிவை அதிற் கேட்க வேண்டும். பி.பி.சி. ஆய்வாளரும் மனிதப் பேச்சையே உரைகல்லாகக் கொண்டனர். இசைக்கருவியின் பிழையை மன்னிக்கும் செவி, அறிந்தவர் குரலின் பிழையை மன்னிப்பதில்லை.

எனவே மடுல்கெல்ல போன்ற ஈரமலையில் வாழ்பவருக்கு உகந்தது, துணி அல்லது இரப்பர் விளிம்புடைய அடக்கமான பெட்டியே. புகழ்பெற்ற பெயர் விலையை உயர்த்தலாம்; மாரிகாலத்தைத் தாங்கி ஒலிப்பது, செய்த பொருளின் உறுதியே.