உப்பளத்துச் சூத்திரம் வந்த வழி

பிரம்மதேசம் பக்கமிருந்து மரக்காணம் நோக்கிக் கிழக்கே வந்தால் உப்பளப் பாத்திகள் கண்ணில் படும். நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் கடல்நீர் ஏறக்குறைய 3.5 டிகிரி. வெயிலில் சுண்டி 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29 டிகிரி வாக்கில் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்.

டிகிரிக்கும் நீரின் ஒப்படர்த்திக்கும் உள்ள உறவு: டிகிரி = 145 − (145 ÷ ஒப்படர்த்தி). திருப்பினால், ஒப்படர்த்தி = 145 ÷ (145 − டிகிரி). 25 டிகிரிக்கு 1.208 வருகிறது. பள்ளியில் எல்லோரும் செய்த இந்தத் திருப்பலுக்கு வயது அதிகம்.

கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்திலேயே அது இருக்கிறது. விடையிலிருந்து பின்னோக்கிப் போ. பெருக்கியது வகுக்கும், கூட்டியது கழிக்கும் என்பது அவர் விதி. 628-இல் பிரம்மகுப்தர் அறியாத எண்ணையும் அறிந்த எண்ணையும் பிரித்து வைத்து வகுக்கச் சொன்னார். பாக்தாதில் 820 வாக்கில் அல்-குவாரிஸ்மி, வாரிசுப் பங்கீட்டுக்கும் வணிகத்துக்கும் உதவ ஒரு நூல் செய்தார். கழிபடும் உறுப்பை மறுபக்கம் கொண்டுபோய்க் கூட்டுவது அதன் உயிர்நாடி. நூல் முழுக்கச் சொற்கள்தாம், ஒரு குறியீடுகூடக் கிடையாது. 1145-இல் ஸ்பெயினின் செகோவியாவில் ராபர்ட் என்ற ஆங்கிலேயர் அதை லத்தீனாக்கினார். சமக்குறியோ 1557-இல்தான் பிறந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரியவராகத் தெரிபவர் வியேத். சட்டம் படித்த பிரெஞ்சுக்காரர். 1591-இல் அவர் அறியாததை மட்டுமல்ல, அறிந்த எண்களையும் எழுத்துகளால் குறித்தார். அதுவரை ஒவ்வொரு கணக்கும் ஒரே ஒரு கேள்வி. எல்லாமே எழுத்தான பிறகு எந்த எழுத்தையும் கேள்வியாக்கலாம் என்றாயிற்று.

உப்பளத்துக்கு அந்த வசதி பின்னாளில் தேவைப்பட்டது. 1768-இல் பாரிஸ் மருந்தாளர் அந்துவான் போமே, தூயநீரில் மிதக்கும் மானியில் 0 என்றும், நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் 15 என்றும் கோடிட்டு, இடைவெளியைச் சமமாகப் பிரித்தார். உப்பை அளக்கும் கோல் உப்பாலேயே உருவானது! ஆனால் அதைப் பார்த்துச் செய்தவர்கள் உப்பின் தூய்மையிலும் வெப்பநிலையிலும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் மாறிலி 145 என்று நிலைத்தது, ஐரோப்பாவில் 144.3-உம் புழங்கியது.

கையிலிருக்கும் மானி எந்த வம்சம்? மாறிலியையே அறியாததாக்கித் திருப்பினால் தெரிந்துவிடும்: மாறிலி = டிகிரி × ஒப்படர்த்தி ÷ (ஒப்படர்த்தி − 1). ஒப்படர்த்தி சரியாக 1.2 உள்ள நீரில், நுண்ணிய கோடுகள் உள்ள மானியை மிதக்கவிட்டு, காட்டும் எண்ணை 6-ஆல் பெருக்கினால் போதும். 24.17 காட்டினால் 145, 24.05 காட்டினால் 144.3.