கோணித்துணியிலிருந்து கருத்தரங்க மேசைக்கு

சிலைகளின் கீழே 'சட்டமேதை' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறோம். அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவில் முதன்மையாகப் படித்தது பொருளாதாரம், அதிலும் அரசின் வரவு செலவு.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913 ஜூலையில் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டுதான் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றின் மூலம் வருமான வரி அமெரிக்காவில் உறுதியாகக் காலூன்றியது. வரி அவரவர் செலுத்தும் திறனுக்கேற்ப இருக்கவேண்டும் என்று வாதாடிய எட்வின் செலிக்மன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணலின் பேராசிரியர்.

செலிக்மன் ஜெர்மனியில் படித்தவர். கருத்தரங்கு என்ற பாடமுறை அங்கிருந்துதான் அமெரிக்கா வந்தது. மாணவர் மூல ஆவணங்களைத் தேடிப் படித்துக் கட்டுரை எழுதி, எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் குடைந்து கேட்பார்கள். சான்று இல்லாத பேச்சு அங்கே நிற்காது. சதாரா பள்ளியில் ஒரு மூலையில், தனக்கென்று கொண்டுபோன கோணித்துணியில் உட்காரவைக்கப்பட்ட சிறுவன் இப்போது இப்படிப்பட்ட மேசையில் சமமாக அமர்ந்தார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' நமக்கெல்லாம் தெரியும். நிதி பற்றிய ஆய்வை மட்டும் ஏனோ நாம் புரட்டுவதே இல்லை. புள்ளிவிவரம் என்றால் நமக்கும் கொஞ்சம் பயம்தான்.

அந்த ஆய்வு 1925இல், செலிக்மனின் முன்னுரையோடு, 'பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் பரிணாமம்' என்ற நூலாக லண்டனில் வெளிவந்தது. 1833 சட்டம் நிதி அதிகாரம் முழுவதையும் மைய அரசிடம் குவித்தது. 1871இல் மாகாணங்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை ஒதுக்கப்பட்டது. 1877இல் சில வருவாய்கள் விட்டுக்கொடுக்கப்பட்டன. 1882 முதல் வருவாய் பங்கிடப்பட்டது. அரசு இதை அதிகாரப் பரவல் என்றது. அண்ணல் கணக்குகளையும் சட்டத்தையும் விரித்துவைத்து, பணம் கைமாறினாலும் சட்டப்படியான அதிகாரம் மையத்தை விட்டு நகரவில்லை என்று காட்டினார். யாரிடம் வசூலித்தார்கள், எதற்குச் செலவிட்டார்கள் என்றும் கேட்டார். நிலவரியும் உப்புவரியும் யார் முதுகில் ஏறின என்பதை ஊரில் வளர்ந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை.

1979-80இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் தொடங்கப்பட்டது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கவேண்டும் என்பது அதன் விதி. ஒதுக்கியது ஒன்று, செலவானது வேறு என்று மேடையில் முழங்குகிறோம். மானியக் கோரிக்கைப் புத்தகத்தின் எந்தப் பக்கம் என்று கேட்டால் விழிக்கிறோம். அடுத்த படிப்பு வட்டத்துக்கு யாராவது ஒரு துறையின் புத்தகத்தை எடுத்து வாருங்கள் தோழர்களே. ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் குடைவோம்.