ஐப்பசியில வேட்டை கிடையாது: காரியாபட்டி முயலும் மருதுவோட வளரியும்

நாட்டு நாய்கள் பத்தி போட்ட எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான்: "சிப்பிப்பாறை குட்டி எங்க கிடைக்கும், ஃப்ளாட்ல வளர்க்கலாமா?" பதில் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்களை காரியாபட்டி பக்கம் கூட்டிட்டுப் போகணும்.

மதுரையில இருந்து அருப்புக்கோட்டை போற பஸ்ல ஏறினா நடுவுல வர்ற ஊர் காரியாபட்டி. அங்க இருந்து உள்ள தள்ளி ஒரு கிராமத்துல என் அம்மா பிறந்த வீடு. இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். மாமா சாமி அலமாரிக்கு முன்னாடி அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து எல்லாத்தையும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு அடுக்கினார். கடைசியா பரண்ல இருந்து துணி சுத்தின ஒரு கட்டையை எடுத்தார். பிறை மாதிரி வளைஞ்சிருந்தது. ஒரு முனை கனம், ஒரு முனை லேசு. தாத்தா முயலடிக்க வச்சிருந்தது.

"மாமா, இது வளரியா?"ன்னு கேட்டேன்.

"வளரியோ என்னமோ மாப்ள, நாங்க தடின்னுதான் சொல்லுவோம்"னார். எண்ணெய் தடவினார், பொட்டு வச்சார், சூடம் காட்டினார். மறுநாள் காலையில அது திரும்ப பரணுக்குப் போயிருச்சு.

நான் என்ன நினைச்சுப் போனேன்னா, மழைக்கு முன்னாடி வேட்டை பத்தி நாலு கதை ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துரலாம்னு. காரணம், நாம படிக்கிற இங்கிலீஷ் கதைகள். அங்க இலையுதிர் காலம்னா அறுவடை முடிஞ்சு வயல் காலியா கிடக்கும், துப்பாக்கியும் நாயுமா கிளம்புவாங்க, வேட்டை சீசன் ஆரம்பம். அதே கணக்கை நான் புரட்டாசி ஐப்பசிக்குப் போட்டேன். மாமா சிரிச்சார். "மழை விழுந்த கரிசல்ல நாய் எப்படி ஓடும்? ஒரு எட்டு வச்சா கால்ல ஒரு கிலோ மண்ணு ஒட்டிக்கிரும். முயல் உட்கார்ந்து வேடிக்கை பாக்கும்."

இங்க கணக்கே தலைகீழ். இது மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் வருஷமே ஓடுது. மழை வர்றதுக்கு முன்னாடியே காய்ஞ்ச மண்ணுல விதைச்சு வச்சிருவாங்க, அதுக்குப் பேரு புழுதி விதைப்பு. மழை தப்பினா விதையும் போச்சு. பெய்ஞ்சா சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, உளுந்து, மல்லின்னு காடே பச்சையாயிரும். பிறகு களையெடுப்பு, அதுக்கு ஆள் தேடி அலையற பாடு. கார்த்திகை வந்தா பிள்ளைங்களுக்கு மாவலி. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, உப்பு சேர்த்து அரைச்சு, துணியில சுருட்டி, பனைமட்டைக்கு நடுவுல கட்டித் தீ வச்சு தலைக்கு மேல சுத்துவாங்க. பொறி வட்டமா பறக்கும். நான் ஒரு தடவை சட்டையில ஓட்டை போட்டுக்கிட்டு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். முயல் வேட்டை எல்லாம் அறுவடை முடிஞ்சு, மண் இறுகி, காடு வெட்டவெளியா ஆன பிறகுதான்.

அப்ப புரட்டாசியில ஏன் ஆயுதத்தை எடுக்கறாங்க? இது ராஜாக்கள்கிட்ட இருந்து வந்த பழக்கம். விஜயநகரத்துல மகாநவமி பெரிய அரச விழா. ஹம்பியில அந்த மேடை இன்னும் நிக்குது, கல்லுல வேட்டைக் காட்சிகள் செதுக்கியிருக்கும். வடக்க மழை ஓய்ஞ்சு படை கிளம்புற காலம் அது. அந்த விழாவை ராமநாதபுரம் சேதுபதிகளும் சிவகங்கைக்காரங்களும் எடுத்துக்கிட்டாங்க. விஜயதசமி அன்னிக்கு ஊருக்கு வெளிய ஒரு பொட்டல்ல போய் அம்பு விடுறது. ராமநாதபுரத்துலயும் சிவகங்கையிலயும் 'மகர்நோன்பு'ன்னு பேர் வச்ச பொட்டல்கள் இன்னும் இருக்கு. மகாநவமிதான் நாக்குல உருண்டு மகர்நோன்பு ஆச்சுன்னு சொல்றாங்க. கோயில்கள்ல சாமியே குதிரை வாகனத்துல பாரிவேட்டைக்குப் போய் அம்பு போட்டுட்டு வரும். ஆனா நம்ம ஊர்ல மழை அப்பதான் ஆரம்பிக்குது. அதனால இங்க சாமி மட்டும் வேட்டைக்குப் போகும், மனுஷன் களையெடுக்கப் போவான்.

சரி, வளரிக்கு வருவோம். காரியாபட்டிக்கு அடுத்து திருச்சுழி, அதையும் தாண்டினா நரிக்குடி. நரிக்குடிக்குப் பக்கத்துல முக்குளம்னு ஒரு ஊர். மருது சகோதரர்கள் பிறந்தது அங்கதான். சிவகங்கைன்னுதான் நாம அவங்களை நினைக்கறோம், ஆனா பிறந்த மண் இந்தக் காய்ஞ்ச சீமை.

1795 பிப்ரவரியில ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கம்பெனி அதிகாரி, இளவட்டம், சின்ன மருதுவைப் பார்க்கப் போறார். போற வழியில சும்மா ஒரு மரியாதைக்கு. சின்ன மருதுவுக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. வெல்ஷ் மதுரையில இருந்த வரைக்கும் நல்ல அரிசியும் பழமும் அனுப்பிக்கிட்டே இருந்திருக்கார். அதுல தோல் தடிச்ச, ரொம்ப இனிப்பான ஒரு ஆரஞ்சு வகையை வெல்ஷ் தனியா ஞாபகம் வச்சு எழுதறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதல்ல கத்துக் கொடுத்தது சின்ன மருதுதான். தேர்ந்த கை வீசினா நூறு கஜத்துக்குள்ள குறி தப்பாதுன்னு பதிவு பண்றார். நூறு கஜம்னா கிட்டத்தட்ட 90 மீட்டர். ஃபுட்பால் மைதானத்தோட ஒரு கோல் போஸ்ட்ல இருந்து இன்னொண்ணு வரைக்கும்னு வச்சுக்கோங்க.

வீசினா திரும்பி கைக்கு வரும்னு சினிமாவுல காட்டறாங்கல்ல, அதை விட்ருங்க. முயல் மேல பட்ட கட்டை முயல் பக்கத்துலதான் கிடக்கும். முயலை எடுக்கப் போறப்ப அதையும் எடுத்துக்க வேண்டியதுதான்.

ஆறு வருஷம் கழிச்சு, 1801. கம்பெனிப் படை காளையார்கோவில் காட்டுக்குள்ள மருதுவைத் தேடுது. அந்தப் படையில வெல்ஷும் இருக்கார். 1830-ல வந்த தன் நினைவுக் குறிப்புகள்ல அதை எழுதறப்ப, தனக்கு எறியக் கத்துக் கொடுத்த மனுஷனையே ஒரு காட்டு மிருகம் மாதிரி துரத்த வேண்டியிருந்ததுன்னு சொல்றார். தொடை எலும்பு முறிஞ்சு சிறையில கிடந்ததையும், அண்ணனோட சேர்ந்து தூக்குல தொங்கினதையும் பார்த்திருக்கார். அக்டோபர் 24, திருப்பத்தூர். ஐப்பசி மாசம். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அந்த ஆரஞ்சுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

கதை அதோட முடியல. சின்ன மருதுவோட மகன் துரைசாமியையும் சேர்த்து 73 பேரை 1802-ல தூத்துக்குடியில இருந்து கப்பல்ல பினாங்குக்கு நாடு கடத்தினாங்க. 1818-ல வெல்ஷ் பினாங்கு போறார். உடம்பு தளர்ந்து போன ஒருத்தர் அவரைத் தேடி வந்து நிக்கிறார். முதல்ல அடையாளம் தெரியல. அது துரைசாமி.

தூக்குக்கு அப்புறம், 1801 டிசம்பர்ல, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவோட மகன், ஒரு பிரகடனம் போட்டார். தெற்குச் சீமையில யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்கணும். நம்ம பள்ளிப் புத்தகத்துல இது ஒரு வரியில முடிஞ்சிரும். ஆனா ஒரு கிராமத்தானுக்கு ஈட்டியும் தடியும் போர்க் கருவி மட்டும் இல்ல. பன்றி விரட்ட, முயலடிக்க, காவலுக்குப் போக எல்லாத்துக்கும் அதுதான். சில இடங்கள்ல கல்யாணத்துல மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் வளரி மாத்திக்கிற வழக்கம் இருந்திருக்கு.

நூறு வருஷம் கழிச்சு என்ன மிஞ்சியது? எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பத்தின தொகுப்புல, புதுக்கோட்டை திவான் அனுப்பிய ஒரு பதில் இருக்கு. எங்க சமஸ்தானத்துல வளரி வீசற நிபுணர் யாரும் இப்ப இல்ல. எப்பவாவது முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எடுக்கறதா கேள்வி. மத்தபடி வீட்டு பூஜை அறையில கிடக்கு. ஆயுத பூஜைக்கு எடுத்து, துடைச்சு, கும்பிட்டு, திரும்ப உள்ள வச்சிருவாங்க. இதான் அவர் சொன்ன சாரம். மாமா வீட்டுப் பரண் எனக்கு அப்படியே கண்ணு முன்னாடி வந்தது. நூறு வருஷத்துக்கு மேலா அதே சடங்கு.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும். திவானுக்குத் தெரியாமலோ, அவர் பெருசா எடுத்துக்காமலோ போன ஒண்ணு ஓடிக்கிட்டுதான் இருந்தது. நாய். துப்பாக்கிக்கு லைசன்ஸ் கேட்டாங்க, நாய்க்கு யாரும் கேட்கல. சிப்பிப்பாறைங்கறது விருதுநகர் மாவட்டத்து ஊர் பேர். கன்னி அதோட சொந்தக்காரன் மாதிரி, கறுப்பு உடம்பு, புருவத்துலயும் கால்லயும் செம்பழுப்பு. 'பரியேறும் பெருமாள்' பார்த்தவங்களுக்குக் கருப்பியை மறக்க முடியாது. ரெண்டுமே மோப்பத்துக்கு இல்ல, பார்வைக்கு ஓடற நாய்கள். நம்ம முயல் வளை தோண்டாது. புல் மறைவுல ஒரு சின்னப் பள்ளத்துல படுத்திருக்கும், மிதிக்கிற தூரம் வந்தாத்தான் எழுந்து பாயும். பாய்ஞ்சு, வளைஞ்சு, சட்டுனு திசை மாத்தும். நாய் அதைக் கண்ணால விடாமப் பிடிக்கணும். அதுக்கு வெட்டவெளி வேணும்.

பன்னிரண்டு வயசுல ஒரு மாசி மாசம் நான் கூடப் போயிருக்கேன். விடியக்காலை, எட்டு பேர், மூணு நாய். ஒரு முயல்தான் கிடைச்சது. அதை எட்டு பங்கு போட்டாங்க, நாய்க்காரருக்கு மட்டும் ஒரு பங்கு கூடுதல். அன்னிக்கு அந்தக் கறியை நான் சாப்பிட்டேன். அது குற்றம்னு எனக்கு அப்ப தெரியாது. ஆனா குற்றம்தான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப சின்ன விலங்குகளை லைசன்ஸ் எடுத்து வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிருச்சு. இன்னிக்கு முயலடிச்சா வழக்கு, சிறை. அந்தச் சட்டம் தேவைன்னுதான் நான் நினைக்கிறேன். இங்கிலாந்துலயும் இதே ஆட்டம், கிரேஹவுண்டும் முயலும், 1836-ல இருந்து வாட்டர்லூ கோப்பைன்னு நடந்தது. தடைச் சட்டம் வந்து 2005-ஓட நின்னுச்சு. அங்க பணக்காரங்க கோப்பைக்கு ஓட விட்டாங்க, இங்க எட்டு பங்கு குழம்புக்கு. ஜல்லிக்கட்டுக்கு 2017-ல மெரினாவே நிறைஞ்சது. முயல் வேட்டைக்கு யாரும் வரல, வரவும் வேண்டாம்.

ஆனா சட்டம் இல்லாமலே அது பாதி நின்னு போயிருந்தது. மாமா காட்டுக்கு மேற்க இருந்த தரிசு முழுக்க இப்ப சீமைக்கருவேலம். முள்ளுக்குள்ள எந்த நாயும் பாய முடியாது. வெட்டிக் கரிமூட்டம் போடறாங்க, திரும்பத் தழைக்குது.

2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில இந்திய நாய் இனங்களைப் பத்திப் பேசினார், சிப்பிப்பாறை, கன்னி பேரும் வந்தது. அதுக்கப்புறம் மாமாகிட்டயே சென்னையில இருந்து போன் வந்ததாம். அவர் வச்சிருக்கறது ஒரு கன்னி, பெட்டை, ஆறு வயசு. வேட்டைக்குப் போனதே இல்ல. ஆட்டுக்குக் காவல். நாய்க்குட்டியை விக்கறது அவருக்குப் பிடிக்காது, தெரிஞ்சவங்களுக்குக் கொடுப்பார், அவ்வளவுதான். இந்தத் தடவை நானும் உங்க சார்பா கேட்டேன். "மாமா, என் ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க, ஒரு குட்டி குடுப்பீங்களா?"

"எத்தனாவது மாடி?"

"ஏழு."

அவர் பதில் சொல்லல. மழை தூற ஆரம்பிச்சது. நாயை அவிழ்த்து திண்ணையில ஏத்தி விட்டுட்டு, விதைச்ச காட்டைப் பார்க்கக் குடையோட கிளம்பிட்டார்.