தட, கய, நளி

பெருமையென்னுங் குணத்தை உணர்த்தும் உரிச்சொற்களாகத் தட, கய, நளி என்னும் மூன்றனை ஆசிரியர் தொல்காப்பியனார் உரியியலுள் ஒருங்குவைத்து ஓதினார். யாவரும் அறிந்த 'பெரிய' என்னுஞ் சொல் ஆண்டு ஓதப்பட்டிலது. என்னை? வெளிப்படு சொல்லைக் கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாராதனவற்றையே பொருள் விளக்கல் வேண்டும் என்பது அவ்வியலின் கோட்பாடாகலின். ஆகவே அவர் காலத்தேயே இம்மூன்றும் உரை வேண்டும் நிலையினவாயின என்பது பெறப்படும்.

இவை பெருமையொன்றனோடு நில்லா. தட வளைவையும், கய மென்மையையும், நளி செறிவையும் உணர்த்துமென அவரே விதந்தோதினார். எருமையின் மருப்பைத் தடமருப்பென்புழி வளைவே பொருந்தும். யானையின் தடக்கையென்புழி இரண்டும் பொருந்துமாகலின், இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

இவ்வியலுக்கு நுண்ணுரை கண்ட சேனாவரையர், பாளையங்கோட்டையைக் கடந்து கிழக்கே ஓடும் பொருநை கடலொடு கலக்குமிடத்துக்கு அணித்தாகிய ஆற்றூரினர். இஞ்ஞான்று அவ்வூர் ஆத்தூரென வழங்கும். ஆற்றின் கழிமுகத்துக்குக் கயவாய் என்பதும் ஒரு பெயர். பெரிய வாய் என்பதே அதன் பொருள். நன்னூலுக்கு விருத்தி செய்த சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலியினர். அதனைத் திருத்திய சிவஞான முனிவர் (மறைவு 1785) அப்பொருநையின் மேற்பால் விக்கிரமசிங்கபுரத்தினர். சொல்லிலக்கண ஆராய்ச்சிக்கு இவ்வாற்றங்கரை செய்த உதவி சிறிதன்று. சேனாவரையம் 1868இல் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களால் அச்சேறிற்று.

திருமுறை ஓதுவார்க்கு இவ்வாராய்ச்சி வேண்டுவதே. தடம் என்னும் பெயர்ச்சொல் குளத்தையுங் குறிக்கும். அதுபற்றித் தடம்பொய்கை என்புழிக் குளமாகிய பொய்கையென்று பொருளுரைப்பின் கூறியது கூறலாம்; பெரிய பொய்கையென்பதே நேரிது. அம்மையின் தடங்கண் என்பதைக் குளம்போலுங் கண்ணென்று விரிப்பாரும் உளர். உவமை கேட்க இனிதேயாயினும், சொல்லுக்கு உரிய பொருள் பெரிய கண் என்பதே. தடக்கையென வல்லெழுத்தும் தடந்தோளென மெல்லெழுத்தும் பெற்றுவரலால், சந்தியொன்றே கொண்டு பெயரென்றேனும் உரியென்றேனும் முடிவு செய்தல் அமையாது.

மூன்றனுள் தட ஒன்றே தொகைச்சொற்களில் இன்றும் வாழ்கின்றது. நளி செய்யுளோடு ஒழிந்தது. கயவு என்னுஞ் சொல்லுக்குப் பெருமையும் கீழ்மையும் ஒருங்கே பொருளாக நூலோர் கூறினாராயினும், உலகவழக்கிற் கயவன் என்னுஞ் சொல்லில் எஞ்சியது கீழ்மையே.